கத்தி பிடிக்காத கை

இதய ரத்தக்குழாய் அடைப்பைச் சரிசெய்யும் கேத் லேப் வாசலில் என் வழியை மறித்தவர்கள் இத்தனை வருஷத்தில் இரண்டே பேர். ஒருவர் ஆஸ்பத்திரியின் சேர்மன். அவருக்கு அன்று உள்ளே வந்து புதிய மெஷினோடு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்னொருவர் கன்னியம்மா.

சேர்மனை மரியாதையாக ஓர் ஓரமாக நகர்த்திவிட்டு உள்ளே போய்விட்டேன். கன்னியம்மாவிடம் அது நடக்கவில்லை.

காலை எட்டு மணி இருக்கும். எக்ஸ்ரே கதிரிலிருந்து உடம்பைக் காக்கும் ஈயச் சட்டையை மாட்டிக்கொண்டு வேகமாக வந்துகொண்டிருந்தேன். அந்தச் சட்டையைப் போட்டால் எனக்கு ஒரு கம்பீரம் வந்துவிடும். என் மனைவி அதற்கு வேறொரு பெயர் வைத்திருக்கிறாள்.

"சார், ஒரு நிமிசம் நில்லுங்க."

நின்றேன். நெற்றியில் பட்டையாக விபூதி, கையில் மஞ்சள் பை, வாசல் நிலையில் ஒரு கை. உள்ளே மேஜையில் படுத்திருப்பவர் அவருடைய கணவர் முனிரத்தினம். இன்னும் அரை மணி நேரத்தில் அவருடைய இதயத்துக்குள் நான் போகவேண்டும்.

"எல்லாம் நல்லபடியா நடக்கும்மா, பயப்படாதீங்க" என்றேன். இந்த வாக்கியம் என் வாயில் தானாக வரும்.

"நான் பயப்படல சார். அந்த மனுசன் உங்ககிட்ட வாயத் தொறக்க மாட்டாரு, அதான் நான் சொல்றேன். நேத்து நீங்க வந்து பேசிட்டுப் போனதுலேருந்து எடது கையையே பாத்துக்கினு குந்திக்கினு கீறாரு. சாயங்காலம் இட்லி குடுத்தா துன்னல. இன்னான்னு கேட்டா ஒண்ணுமில்லன்றாரு. ஒண்ணுமில்லாததுக்கு ஒரு மனுசன் எதுக்கு சார் கையப் பாத்துக்கினு இருப்பாரு?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. முதல் நாள் நான் அவரிடம் பேசியது நல்ல செய்தி. "உங்க வலது கையைத் தொடவே மாட்டேன். இடது கை வழியாத்தான் போறேன். உங்க தொழிலுக்கு ஒரு பாதிப்பும் வராது" என்று சொன்னேன். அவரும் தலையை ஆட்டி "சரிங்க சார்" என்றார். வார்டை விட்டு வெளியே வந்தபோது என்னை நானே மனசுக்குள் தட்டிக்கொடுத்துக்கொண்டேன். நோயாளியின் பிழைப்பையும் யோசித்துப் பார்க்கிற டாக்டர் எத்தனை பேர் இருக்கிறார்கள்!

முனிரத்தினம் திருப்பதி மலைமேல் மொட்டை அடிப்பவர்.

தொடையிலிருந்து கைக்கு

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு அம்மா எழுதிக் கேட்டிருந்தார்: "நெஞ்சில் இருக்கிற அடைப்புக்குக் கையில் ஏன் ஊசி குத்துகிறீர்கள்?" நல்ல கேள்வி. கன்னியம்மாவை வாசலில் நிறுத்திவிட்டு இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் நிற்பார்.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு இருந்தால், நெஞ்சைத் திறக்காமல் உள்ளே போக எங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தொடை இடுக்கில் ஓடும் பெரிய ரத்தக்குழாய். இன்னொன்று மணிக்கட்டில் துடிக்கும் சின்னக் குழாய். எந்த வழியாகப் போனாலும் சேருமிடம் ஒன்றுதான். மெல்லிய கம்பியை முன்னே விட்டு, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் குழாயை நகர்த்திக்கொண்டே போவோம்.

நான் சென்னையில் படித்த காலத்தில் எல்லாருக்கும் தொடைதான். ராஜபாட்டை மாதிரி அகலமான வழி. வேலை முடிந்ததும் உள்ளே இருக்கும் குழாயை உருவிவிட்டு, ரத்தம் நிற்கும்வரை அந்த இடத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். அது ஜூனியரின் வேலை. இருபது நிமிஷம், சில சமயம் நாற்பது நிமிஷம், முஷ்டியை அழுத்திக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பேன். நோயாளிகள் பாவம், கூரையைப் பார்த்தபடி தங்கள் குடும்பக் கதையெல்லாம் சொல்வார்கள். எத்தனையோ குடும்பங்களின் பாகப்பிரிவினை எனக்கு இன்றும் அத்துப்படி.

அதற்குப் பிறகு காலை மடக்காமல் மணிக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். இடுப்பு வலியும் பெட்பேனும் அவர்கள் பாடு.

அங்கேதான் ஒரு டீச்சரம்மா. பெயர் வேண்டாம். அடைப்பு மறுபடி மூடாமல் தாங்க அவருக்கு வைத்த ஸ்டென்ட் அவ்வளவு அழகாக உட்கார்ந்தது. நாங்கள் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து ரசித்துவிட்டு டீ குடிக்கப் போனோம். டீச்சரம்மா முதுகு வலிக்கிறது என்றார். படுத்தே இருப்பதால் வலிக்கும் என்றோம். தொடையில் குத்திய இடத்திலிருந்து ரத்தம் வெளியே வராமல் வயிற்றுக்குப் பின்னால் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. நாங்கள் கண்டுபிடித்தபோது நேரம் கடந்துவிட்டது. இதயத்தில் ஒரு குறையும் இல்லை. நாங்கள் போன வழிதான் அவரைக் கொண்டுபோயிற்று.

அன்றைக்கே தீர்மானித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அப்படி நடக்கவில்லை. ஒரு வருஷம் போல மனசுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அதன் பிறகு மணிக்கட்டு வழியைக் கற்றுக்கொண்டேன். கையில் ரத்தம் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், கட்டை விரலை வைத்து அழுத்தினால் நிற்கும். நோயாளி எழுந்து நடந்துபோய்க் காபி குடிப்பார்.

திருப்பதிக்கு வந்த புதிதில் திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் வந்து ரேணிகுண்டாவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தேன். இப்போது வீடு திருச்சானூரில். ஷேர் ஆட்டோக்காரர்கள் என்னை 'செய்யி டாக்டர்' என்பார்கள். தெலுங்கில் செய்யி என்றால் கை. "செய்யி டாக்டர்காரு, எக்கண்டி" என்று ஏற்றிக்கொள்வார்கள். அந்தப் பெயரில் எனக்குக் கர்வம் உண்டு. அதை மறைக்கப்போவதில்லை.

சித்தூரில் வியாழக்கிழமை

வியாழக்கிழமைகளில் சித்தூரில் ஒரு சின்ன கிளினிக்கில் நோயாளிகளைப் பார்க்கிறேன். பாகாலா வழியாகப் போவேன். மாம்பழக் காலத்தில் ரோடு முழுக்க லாரிகள், ஜன்னலைத் திறந்தால் பழம் புளித்த வாசனை.

அங்கே வருகிறவர்கள் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார்கள். "காலையிலேருந்து நெஞ்சுல நொப்பி சார், மாடி ஏறினா ஆயாசமா கீது, பிபி மாத்ர வேஸ்குன்னானு" என்பார்கள். நொப்பி என்றால் வலி, வேஸ்குன்னானு என்றால் போட்டுக்கொண்டேன். முதல் மாதம் திணறினேன். இப்போது எனக்கே வீட்டில் அப்படித்தான் பேச வருகிறது.

முனிரத்தினம் அங்கேதான் வந்தார். அறுபதை நெருங்கும் ஒல்லியான உடம்பு, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு கிராமம். அவருடைய அப்பா அம்மா ஊரார் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். இவருக்கு மலைமேல் வேலை கிடைத்தது. வேண்டுதலுக்கு முடி கொடுக்க வருகிறவர்களுக்கு மொட்டை அடிக்கும் வேலை. இப்போது ஊரில் சொந்தமாகக் கொஞ்சம் மாந்தோப்பு இருக்கிறது என்று கன்னியம்மா சொன்னார். சொல்லும்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"எங்க நைனா தலையக்கூட மலமேல நான்தான் சார் எடுத்தேன்" என்றார் முனிரத்தினம். தன் வேலையைப் பற்றி அன்று அவர் சொன்னது அவ்வளவுதான். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

கேட்காதது எதனால் என்றால், நான் அவருடைய ஃபைலைப் படித்துக்கொண்டிருந்தேன். ஃபைல் மோசமாக இருந்தது. இதயத்தின் இடது பக்கத்துக்கெல்லாம் ரத்தம் கொடுக்கும் தாய்க் குழாயில் அடைப்பு. அடைப்பு முழுக்கச் சுண்ணாம்பு ஏறிக் கல்லாகியிருந்தது. இதயம் பாதி பலத்தில்கூட வேலை செய்யவில்லை. பைபாஸ் செய்யலாமா என்று கேட்டதற்கு அறுவை சிகிச்சை நிபுணர்கள் கையை விரித்துவிட்டார்கள். பீடி அவருடைய நுரையீரலை மயக்க மருந்தைத் தாங்காத நிலைக்குக் கொண்டுவந்திருந்தது. ஒப்புதல் படிவத்தில் 'ஹை ரிஸ்க்' என்று பெரிய எழுத்தில் எழுதவேண்டிய ஆள்.

எந்த வழியாகப் போவது? இப்படிப்பட்டவர்களுக்கு அந்த முடிவிலேயே பாதி வைத்தியம் இருக்கிறது. இடது காலின் ரத்தக்குழாய் அடைத்துக் கிடந்தது. வலது தொடை எனக்கு வேறொன்றுக்கு வேண்டும். நான் உள்ளே வேலை செய்யும்போது இதயம் சோர்ந்துவிடாமல் தாங்கிப் பிடிக்க, ஒரு பலூன் பம்ப்பை அந்த வழியாக வைக்கவேண்டும். வலது கை வழியாக வேறொரு ஆஸ்பத்திரியில் முயற்சி செய்து பார்த்துவிட்டு விட்டிருந்தார்கள். முழங்கைக்குக் கீழே குழாய் ஒரு வளையம் போட்டுத் திரும்புகிறது, கம்பி போகவில்லை என்று ஃபைலில் ஒரு வரி.

மிச்சம் இடது கை. நல்ல துடிப்பு, நல்ல அகலம்.

எங்கள் லேபில் எழுதாத விதி ஒன்று உண்டு. வலது கைப் பழக்கம் உள்ளவருக்கு இடது கை, இடது கைக்காரருக்கு வலது கை. வேலை செய்யும் கையைத் தொந்தரவு செய்யக்கூடாது. இது நான் கொண்டுவந்த விதி. அதிலும் இவர் கத்தி பிடிக்கிறவர். என் விதி இவருக்காகவே செய்ததுபோல் இருந்தது.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

அவரையே கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் கன்னியம்மா என்னை உள்ளே விட்டார். ஏ.சி. குளிரில் முனிரத்தினம் பச்சைத் துணிக்குள் படுத்திருந்தார். ரமணம்மா சிஸ்டர் அவருடைய இடது கையைப் பழுப்பு மருந்தால் துடைத்துக்கொண்டிருந்தார். என் லேபில் எனக்குப் பயப்படாத ஒரே ஜீவன் இந்த சிஸ்டர்.

"முனிரத்தினம், இடது கையில என்ன பிரச்சனை?"

"ஒண்ணுமில்ல சார்."

"வெளிய உங்க சம்சாரம் என்னை உள்ள விடமாட்டேன்னு நிக்கறாங்க."

அவர் தலையைத் திருப்பி, "சிஸ்டர், அந்த பாட்டிலக் கொஞ்சம் குடுங்க" என்றார். பக்கத்தில் ஒரு காலி சலைன் பாட்டில் கிடந்தது. ரமணம்மா என்னைப் பார்த்தார். கொடுங்கள் என்று தலையசைத்தேன். அவர் துடைத்ததெல்லாம் வீண், மறுபடி துடைக்கவேண்டும்.

முனிரத்தினம் அந்தப் பாட்டிலை நெஞ்சின்மேல் வைத்து, இடது கையை அதன்மேல் விரித்தார்.

"இது ஒரு தல சார். கத்தி இந்தக் கையில கீது" என்று வலது கையைக் காட்டினார். "இது சும்மா போறது. தண்ணி ஓடற மாதிரி, வழி வுட்டா போவும். வழி வுடறது இது." இடது கட்டை விரல் பாட்டிலின்மேல் தோலை இழுத்துப் பிடிப்பதுபோல நகர்ந்தது. மற்ற விரல்கள் அதைச் சுற்றிவந்தன. "ஈர முடிக்குள்ள கண்ணுக்கு இன்னா தெரியும்? மரு இருக்கும், கட்டி இருக்கும், பழைய வெட்டு இருக்கும். மொதல்ல இந்த வெரலு போய்ப் பாத்துட்டு வரும். அப்புறந்தான் கத்தி போவும். கைக்கொழந்தைக்கு உச்சி மெத்துனு இருக்கும். அங்க எவ்ளோ மெதுவாப் போணும்னு இந்தக் கட்ட வெரலுதான் சொல்லும். வலது கை மரத்துப்போனாக்கூட நான் சமாளிச்சிக்குவேன். இது மரத்துச்சின்னா நான் கத்தியத் தொடக்கூடாது சார்."

பாட்டிலை ரமணம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஏனென்றால் நானும் அப்படித்தான் வேலை செய்கிறேன். ஊசி என் வலது கையில் இருக்கும். ஆனால் ரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது, எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் நழுவுகிறது என்று தடவிச் சொல்வது என் இடது கையின் இரண்டு விரல்கள். யாராவது என்னிடம் வந்து, "உங்கள் ஊசிக் கையைத் தொடமாட்டேன், இடது கையைத்தான் எடுத்துக்கொள்கிறேன்" என்று இளித்துக்கொண்டு சொல்லியிருந்தால் அவரைச் சும்மா விட்டிருப்பேனா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. எல்லாம் தெரிந்தவனுக்குக் கேள்வி எங்கிருந்து வரும்?

"இதை நேத்தே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்க அவ்ளோ சந்தோசமாச் சொன்னீங்க சார். எப்படி இல்லன்றது?"

ரமணம்மா சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முகக்கவசத்துக்குள் சிரித்தார் என்பது தோள்பட்டையில் தெரிந்தது.

"சரி, இப்படிச் செய்யலாம். வலது கையில நான் பாக்கறேன். அந்த வளையத்தை நான் தாண்டிடுவேன்னுதான் நினைக்கறேன். ஆனா பத்து நிமிஷம்தான். உங்க இதயம் அதுக்கு மேல காத்திருக்காது. முடியலன்னா நிறுத்திடுவேன். உங்களைக் கேட்காம இடது கையைத் தொடமாட்டேன்."

"சரிங்க சார்."

"இது நேத்து சொன்ன சரிங்களா, நிஜமான சரிங்களா?"

முதல் தடவையாகச் சிரித்தார். முன்பல் ஒன்று இல்லை.

பத்து நிமிஷம்

முதலில் வலது தொடை வழியாக பலூன் பம்ப்பை வைத்தேன். அது டப், டப் என்று இதயத்தோடு சேர்ந்து அடிக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டால் எனக்குத் தைரியம்.

வலது மணிக்கட்டில் ஒரே குத்தில் ரத்தம் வந்தது. கம்பி வழுக்கிக்கொண்டு போய் முழங்கைக்குக் கீழே நின்றது. படம் எடுத்துப் பார்த்தேன். வளையம் ஜாங்கிரிச் சுற்று மாதிரி இருந்தது. இதைவிட மோசமானதையெல்லாம் தாண்டியிருக்கிறேன். தலைமுடி போன்ற மெல்லிய கம்பியை எடுத்தேன்.

"மூடு நிமிஷாலு" என்றார் ரமணம்மா. மூன்று.

கம்பி முதல் வளைவில் ஏறியது, இரண்டாவதில் மடங்கித் திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன், மறுபடி திரும்பியது. முனிரத்தினம் முனகவில்லை. ஆனால் பச்சைத் துணிக்கு வெளியே தெரிந்த அவருடைய கால் விரல்கள் சுருண்டன. ரத்தக்குழாய் கம்பியை இறுக்கிப் பிடிக்கிறது என்று அர்த்தம், நல்ல வலி இருக்கும். மருந்து கொடுத்தோம்.

"எனிமிதி." எட்டு.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த எட்டாவது நிமிஷத்தில் நான் முனிரத்தினத்தின் விரலுக்காகப் போராடினேனா, இன்னொரு டாக்டரால் முடியாததை முடித்துக் காட்ட வேண்டும் என்பதற்காகவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் கலந்திருந்தது. அப்போது ரத்த அழுத்தம் இறங்க ஆரம்பித்தது. நூற்றுப்பத்திலிருந்து தொண்ணூறு, எண்பத்தைந்து.

"பதி" என்றார் ரமணம்மா. பத்து.

"இன்னும் ஒரே ஒரு தடவை."

"சார். பதி." அவர் குரலை உயர்த்தவில்லை. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து என்னோடு வேலை செய்பவர்.

கம்பியை வெளியே எடுத்தேன். வலது கையைக் கட்டச் சொன்னேன். மருந்து ஏறியதும் அழுத்தம் மெல்லத் தொண்ணூற்றைந்துக்கு வந்தது. மேஜையைச் சுற்றிக்கொண்டு அவர் தலைமாட்டுக்குப் போனேன்.

"முனிரத்தினம், என்னால முடியல."

என்னால் முடியவில்லை என்று அதற்கு முன் எந்த நோயாளியிடமும் நான் சொன்னதில்லை. குழாய் சரியில்லை, உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அவர் இடது கையை முகத்துக்கு நேராகத் தூக்கி விரல்களை விரித்தார், மூடினார், விரித்தார்.

"எங்க குத்துவீங்க? காட்டுங்க."

காட்டினேன். வழக்கமான மணிக்கட்டில் இல்லை. கட்டை விரலை விறைப்பாக விரித்தால் அதன் அடியில், புறங்கையில் ஒரு குழி விழும். அங்கேயும் அதே ரத்தக்குழாய் துடிக்கும். அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே உள்ளங்கைக்குப் போகும் கிளை பிரிந்துவிடுகிறது. நான் குத்தும் இடம் நாளைக்கு அடைத்துக்கொண்டால்கூட விரல்களுக்கு ரத்தம் போவது நிற்காது. ஆனால் பக்கத்தில் ஒரு சின்ன நரம்பு ஓடுகிறது, அது உரசினால் கட்டை விரல் கொஞ்ச நாள் மரத்திருக்கலாம் என்பதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று அந்த நிமிஷம் தோன்றியது. விடவில்லை.

"கொஞ்ச நாள்னா?"

"பெரும்பாலும் சில வாரம். எப்பவாவது அதுக்கு மேலயும் ஆகும்."

"இது இல்லன்னா?"

"இது இல்லன்னா இன்னிக்கு மூடிட்டு அனுப்பணும். அப்படி அனுப்பினா நீங்க மறுபடி மலையேறுவீங்கன்னு என்னால சொல்ல முடியாது."

அவர் இடது கையைத் தானே தூக்கி, வயிற்றின் குறுக்கே என் பக்கமாக வைத்தார். கட்டை விரலை விறைப்பாக விரித்து அந்தக் குழியைக் காட்டினார்.

"எடுத்துக்கோங்க சார். பாத்துக் குத்துங்க."

என் இடது கை விரல்களை அங்கே வைத்தேன். துடிப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் ரொம்ப நேரம் தடவிப் பார்த்தேன். அந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்று விரலால் தெரிந்துகொள்ள முடியாது. முடிந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன். ஒரே குத்து. உள்ளே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குப் பழகிய வேலை. சுண்ணாம்பை அரைக்கும் கருவி மிக்ஸி மாதிரி சத்தம் போட்டது. அழுத்தம் இரண்டு தடவை இறங்கியது, பம்ப் தாங்கிப் பிடித்தது. இரண்டு ஸ்டென்ட்கள். தாய்க் குழாயில் மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தபோது ரத்தம் கிளை கிளையாகப் பாய்ந்தது. இந்த வேலையில் நான் கெட்டிக்காரன். அதைச் சொல்லிக்கொள்ள வெட்கப்படவில்லை.

வெளியே வந்து கன்னியம்மாவிடம் சொன்னேன். "உயிருக்கு ஆபத்து இல்லம்மா."

"எந்தக் கை சார்?" என்றார்.

விரல் இன்னும் வரவில்லை

மறுநாள் காலை ரவுண்ட்ஸ் போனேன். அவர் முகத்தில் களை வந்திருந்தது, மூச்சு சீராக இருந்தது.

"கட்ட வெரலு மரத்துக் கீது சார்" என்றார்.

துடிப்பைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. நகத்தை அழுத்தி விட்டேன், உடனே சிவந்தது. "நரம்பு கொஞ்சம் உரசியிருக்கு. சரியாயிடும்" என்றேன் தெளிவான குரலில். அந்தக் குரலை நம்பித்தான் இந்தப் பக்கத்து ஜனங்கள் என்னிடம் வருகிறார்கள். அறையை விட்டு வெளியே வந்ததும் என் கட்டை விரலை நானே தேய்த்துப் பார்த்துக்கொண்டேன்.

வாரம் ஒரு தடவை கன்னியம்மா போன் செய்வார். "நெஞ்சு நல்லா கீது சார். தோப்பு வரைக்கும் நடந்துக்கினு போய்ட்டு வராரு. வெரலு இன்னும் வரல." ஏதோ வெளியூர் போன பிள்ளையைச் சொல்வதுபோலச் சொல்வார். நான் சரியாகிவிடும் என்பேன். சரிங்க சார் என்பார். அந்தக் குடும்பத்தின் 'சரிங்க சார்' என்ன என்று இப்போது எனக்குத் தெரியும்.

உடன் வேலை செய்யும் டாக்டர் ஒருவர், "செத்திருக்க வேண்டிய ஆள் நடக்கிறார். விரல் ஒரு விஷயமா?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. விஷயம்தான் என்றேன். அவரோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. நானே முந்திய மாதம் வரை இப்படித்தான் பேசியிருப்பேன் என்பதால் கோபம் கூடுதலாக வந்தது.

அந்த நாட்களில் என் விதி மாறியது. படுக்கவைப்பதற்கு முன் எல்லாரிடமும் கேட்க ஆரம்பித்தேன்: இந்தக் கையால் என்ன செய்வீர்கள், அந்தக் கையால் என்ன செய்வீர்கள்? திருச்சானூரில் பூ கட்டும் அம்மா, நார் எந்தக் கையில் இருக்கும் என்று காற்றில் கட்டிக் காட்டினார். ரேணிகுண்டாவில் லேத் பட்டறை வைத்திருப்பவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டும் வேணும் சார், கால எடுத்துக்கோங்க" என்றார். அவருக்குத் தொடை வழியாகவே செய்தேன். 'செய்யி டாக்டர்' தொடையில் குத்தியதை லேபில் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். அன்று நானே நின்று இருபது நிமிஷம் அழுத்திப் பிடித்தேன்.

மறுபடி ஒரு வியாழன்

ஆறேழு வாரம் ஆகியிருக்கும். சித்தூர் கிளினிக்கில் கடைசி ஆளாக உள்ளே வந்தார் முனிரத்தினம். கன்னியம்மா பின்னால் நின்றார். வேலையில் திரும்பச் சேர டாக்டர் சர்டிபிகேட் வேண்டுமாம்.

எக்கோ பார்த்தேன். இதயம் முன்னைவிட நன்றாக அடித்தது. நடை, மூச்சு, ரத்த அழுத்தம் எல்லாம் சரி. சர்டிபிகேட் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன், ஆனால் எழுதவில்லை.

"விரல்?"

"வந்துட்ட மாதிரிதான் கீது சார்."

மாதிரி என்பது எனக்குப் போதவில்லை. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்துக் கட்டை விரலில் தொட்டேன். எங்கே தொட்டேன் என்று சொன்னார். குண்டூசியின் முனையால் தொட்டேன், தலையால் தொட்டேன். வித்தியாசம் சொன்னார். மறுபடி பஞ்சை எடுத்தேன்.

அவர் கண்ணைத் திறந்தார். "பஞ்சுல இன்னா சார் தெரியும்? தலயக் குடுங்க."

"என்ன?"

"தலயக் குடுங்க சார். எனக்கும் தெரிஞ்சிக்கணும் இல்ல? இதுவரைக்கும் எந்தத் தலயையும் தொட்டுப் பாக்கல. தைரியம் வரல."

"யோவ், அவரு டாக்டரு" என்றார் கன்னியம்மா.

நான் நாற்காலியை முன்னால் இழுத்துக் குனிந்தேன். அவர் எழுந்து நின்று, இடது கையை என் தலையில் வைத்தார். கை சூடாக இருந்தது. கட்டை விரல் முன்நெற்றியில் ஆரம்பித்துத் தோலை இழுத்தபடி மேலே போனது. மற்ற விரல்கள் முடிக்குள் புகுந்து அதன் பின்னாலேயே வந்தன. உச்சியைத் தாண்டி, வலது பக்கமாக இறங்கி, காதுக்கு மேலே வந்து நின்றன. கட்டை விரல் கொஞ்சம் பின்னால் போயிற்று. திரும்பி வந்தது. மறுபடி அதே இடத்துக்குப் போனது.

விரல் இன்னும் மரத்துத்தான் இருக்கிறதோ என்று நினைத்தேன்.

"இங்க தையல் போட்டிருக்காங்க சார்" என்றார். "மூணு. இல்ல, நாலு. ரொம்பப் பழசு. சின்ன வயசுல எங்கனா வுழுந்தீங்களா?"

எனக்கே மறந்துபோன தழும்பு அது. ஆறு வயதில் சைக்கிளின் பின் கேரியரிலிருந்து விழுந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் மனைவிக்குக்கூட அது அங்கே இருப்பது தெரியாது. கண்ணாடியில் பார்த்தாலும் முடிக்குள் தெரியாது.

"சைக்கிள்ல" என்றேன்.

"அதான். இந்த எடத்துல கத்தியச் சாச்சி எடுக்கணும்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, தனக்குள் சொல்லிக்கொண்டார். பின்னால் கன்னியம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

என் தலை இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"திங்கக்கெழம டூட்டிக்குப் போலாமா சார்?"

"போங்க" என்றேன். தலையை நிமிர்த்தாமலே சர்டிபிகேட் புத்தகத்தை என் பக்கம் இழுத்தேன்.